அழுக்குப் படாத காலர்

(அத்தியாயம் 9)

கொதிக்கிற இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டு, "சுடவே இல்லையே" என்று சாவகாசமாகச் சொன்னவனை அதற்குப் பிறகு ஒரு பெண் எப்படிப் பார்ப்பாள்? போன வாரம் முழுக்கப் பொடிசு அவனைச் சந்தேகத்தோடுதான் பார்த்தாள். கொஞ்சம் ஆசையோடும் பார்த்தாள் என்பதை அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். நாம் சொல்லிவைப்போம்.

"நான் மனுஷன் இல்லை, வானதூதன். இந்த வீட்டுலேர்ந்து ஒருத்தரைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்." அவன் சொன்னது அவ்வளவுதான். யாரை என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை.

அன்றிலிருந்து பொடிசுக்குத் தூக்கம் போனது. வீட்டில் இருப்பது மூன்றே பேர். அம்மா போய்ப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. சலவைக் கடையே கதி என்று கிடக்கும் அப்பா, ஆறு வயசிலிருந்து பொடிசுக்குத் தலைவாரி விட்ட அக்கா, அப்புறம் பத்தொன்பது வயதாகியும் பொடிசு என்றே கூப்பிடப்படும் இவள். அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை உண்டு. அக்கா மூன்று வாரத்துக்கு முன்னால்தான் கடை வேனில் போய் லாரியில் மோதி, ஒரு கீறல்கூட இல்லாமல் வீட்டுக்கு வந்தாள். பொடிசு தனக்கு வந்த தும்மலைக்கூடச் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தாள்.

காலை ஒன்பது மணிக்கு ஷட்டரை முழுக்கத் தூக்குவதற்குள் அவன் வந்து நின்றான். கையில் ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. தினம் ஒன்று கொண்டுவருவான், முந்தின நாள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவான். அதனாலேயே அப்பா அவனுக்கு 'வெள்ளைச்சட்டை' என்று பெயர் வைத்துவிட்டார்.

பொடிசு பழக்கதோஷத்தில் காலரைத் திருப்பிப் பார்த்தாள். சலவைக் கடையில் வளர்ந்தவளுக்கு முகத்தைவிடக் காலர்தான் அடையாளம். உள்மடிப்பில் படிகிற அழுக்குக் கோடு ஆளுக்கு ஆள் வேறு. டாக்சி ஓட்டுபவருக்கு ஜன்னல் பக்கம் மட்டும் கறுத்திருக்கும். முடிதிருத்துபவருக்குக் கோட்டோடு சேர்த்துப் பொடி முடி ஒட்டியிருக்கும். இவன் சட்டையில் மட்டும் ஒன்றும் இருக்காது. முதல் நாளே, "அழுக்கே இல்லாததை எதுக்குத் துவைக்கக் குடுக்கறீங்க, வேற வேலை இல்லையா?" என்று கேட்டிருந்தாள். மறுநாள் அவன் வந்து, "பட்டன் ஒண்ணு காணோம்" என்று பதிலுக்குச் சண்டை போட்டான். அப்படித்தான் ஆரம்பித்தது எல்லாம்.

"இன்னைக்குப் பதில் சொல்லாம சீட்டு எழுத மாட்டேன்," என்றாள் பொடிசு.

"எழுதாதீங்க."

"யாரைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கீங்க? அப்பாவையா?"

அவன் கவுண்டரில் இருந்த துணி நிறுக்கும் தராசைப் பார்த்தான்.

"அக்காவையா?"

தராசையே பார்த்தான்.

"அப்போ என்னையா?"

"இல்லை!" சட்டென்று தலையை நிமிர்த்தினான். "அதை மட்டும் சொல்லலாம். நீங்க இல்லை."

பொடிசுக்கு உயிர் வந்தது. வந்த வேகத்திலேயே போனது. தான் இல்லையென்றால் மிச்சம் இரண்டு பேர்தானே?

"யாரும் இல்லைன்னு ஒரு பொய்யாவது சொல்லலாமில்ல?"

"எங்களுக்குப் பொய் வராது. நாங்க பேசாம இருக்கலாம், அவ்வளவுதான்."

இந்த 'நாங்க'தான் பொடிசுக்கு ஆகாது. நாங்க தூங்க மாட்டோம், நாங்க சாப்பிட மாட்டோம், எங்களுக்கு நிழல் பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல் அவளை வெளியே விட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும். தவறியும் அவன் வாயிலிருந்து ஒரு 'நாம' வந்ததில்லை. போன வாரம் மழை பிடித்துக்கொண்டபோது, "நாம உள்ள நிக்கலாமா" என்று நாலு பேர் சொல்கிற மாதிரி சொல்லாமல், "நீங்களும் நானும் உள்ள நிக்கலாமா" என்று சுற்றி வளைத்தான். ஒரு வார்த்தையில் அப்படி என்ன கஞ்சத்தனம்?

"என்ன வெள்ளைச்சட்டை, வந்தாச்சா?" உள்ளேயிருந்து அப்பா துண்டுக் கட்டோடு வந்தார். "துவைச்சுத் துவைச்சு இந்தச் சட்டையில நூல்தான் மிச்சம் இருக்கும். பரவாயில்லை, நூலுக்கும் சீட்டுப் போட்டுத் தருவோம்."

அப்பா சிரித்தார். வாய் மட்டும்தான் சிரித்தது என்று பொடிசுக்குப் பட்டது. இந்த மூன்று வாரமாக அவர் சிரிப்பே அப்படித்தான் இருந்தது. அக்காவை முன்பக்கம் கவுண்டரில் நிற்க விடுவதில்லை. கேட்டால், "அதிர்ச்சியில இருக்கா, நாலு பேர் விசாரிச்சாத் தொந்தரவு" என்பார். வேன் இன்னும் ஒர்க்ஷாப்பில் கிடக்கிறது என்பார். எந்த ஒர்க்ஷாப் என்றால் காது கேட்காது.

போன் அடித்தது. பொடிசு கை நீட்டுவதற்குள் அப்பா துண்டுக் கட்டைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்து எடுத்தார்.

"ஆமா, நான்தான். தெரியும். நாளைக்கு வர்றேன். கண்டிப்பா நாளைக்கு."

வைத்துவிட்டார்.

"யாருப்பா?"

"ராங் நம்பர்."

"ராங் நம்பருக்கு எதுக்கு நாளைக்கு வர்றேன்னு சொல்றீங்க?"

"ஒரு மரியாதைக்குத்தான்." அப்பா துண்டுக் கட்டைப் பொறுக்கிச் சைக்கிளில் வைத்தார். "சலூனுக்குப் போயிட்டு வரேன். மாடியில ஹோட்டல் விரிப்பு காஞ்சிருக்கும், எடுத்து வை."

*

கைநிறைய வெள்ளை விரிப்புகள். முகத்தை மறைத்துக்கொண்டு பின்படி வழியாகத் தட்டுத்தடுமாறி இறங்கிய பொடிசு, இஸ்திரி போடுகிற பிரஸ் ரூம் தடுப்புக்கு வெளியே நின்றுவிட்டாள். பலகைத் தடுப்புதான். உள்ளே மூச்சுவிட்டால்கூட வெளியே கேட்கும். ஆனால் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை, பேச்சுச் சத்தம் கேட்டது.

"அவகிட்ட சொல்லிடலாம்னு பார்த்தேன். முடியலை." வெள்ளைச்சட்டையின் குரல். அவன் போய்விட்டான் என்றல்லவா நினைத்திருந்தாள்?

"சொல்லவே வேணாம்." இது அக்கா.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான். அதுக்கு மேல நாம இங்க இருக்க முடியாது."

"தெரியும்."

"நாம சேர்ந்து போயிடறதுதான் நல்லது."

நாம!

விரிப்புகள் கையிலிருந்து நழுவின. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை சொல்லிவிட்டான். மூன்று வாரம் தவம் கிடந்தவளுக்கு ஒரு தடவைகூட வராத சொல், அக்காவிடம் பேச்சோடு பேச்சாக வந்து விழுகிறது. காதும் காதும் வைத்தாற்போல் இரண்டு பேரும் ஊரை விட்டு ஓடப் பார்க்கிறார்களா? வானதூதனாம் வானதூதன்! சுடுதட்டில் கை வைத்ததுகூட ஏதாவது கண்கட்டு வித்தையாக இருக்கும். அதை நம்பி ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தாளே, அந்தக் கிறுக்கச்சியை என்ன சொல்ல?

பொடிசு சத்தம் போடவில்லை. விரிப்புகளை அப்படியே படிக்கட்டில் போட்டுவிட்டு மாடிக்கு ஏறினாள். இந்தக் குடும்பத்தில் பிறந்தவர்கள் எதையும் வாய்ப்பேச்சில் நம்ப மாட்டார்கள், துணியைப் பார்த்துத்தான் நம்புவார்கள்.

அக்காவின் அழுக்குக்கூடை கதவுக்குப் பின்னால் இருந்தது. ஊர்த் துணியெல்லாம் துவைத்து முடித்த பிறகுதான் வீட்டுத் துணிக்கு முறை வரும் என்பதால் கூடை நிறைந்திருந்தது. பொடிசு பாக்கெட் பாக்கெட்டாகத் துழாவினாள். ஒரு கடிதம் கிடைக்கும், பஸ் டிக்கெட் கிடைக்கும், அவன் சட்டைப் பட்டனாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்தாள். ஒரு ஊக்குதான் கிடைத்தது.

எரிச்சலில் சட்டையைத் தூக்கி எறியப்போனவள் காலரைப் பார்த்தாள்.

அக்கா கடையில் போடுகிற சாம்பல்நிற வேலைச் சட்டை அது. பிரஸ் ரூமில் ஒரு மணி நேரம் நின்றால் போதும், ஆவியில் மனுஷர் அவிந்துபோவார்கள். பத்து மணி நேரம் நிற்கிற அக்காவின் சட்டையில் காலர் புதுசு போல இருந்தது. கக்கத்தில் உப்புக் கோடு இல்லை. மூக்கருகே கொண்டுபோனாள். துணி வாசனை மட்டும்தான் வந்தது.

அடுத்த சட்டையை எடுத்தாள். அதற்கடுத்தது. ஆறு சட்டையும் அப்படியே இருந்தன. தன் கூடையிலிருந்து தன்னுடைய சட்டையை எடுத்துப் பார்த்தாள்: கோடு இருந்தது. அப்பாவின் சட்டையில் விரல் தடிமனுக்கு இருந்தது. கதவுக் கொக்கியில் அக்காவின் பழைய மேலங்கி தொங்கியது. விபத்துக்கு முந்தின நாள் போட்டது, அதற்குப் பிறகு தொடாதது. அதன் காலரில் இடது பக்கம் சாய்ந்தாற்போல அக்காவின் கோடு அழகாக ஓடியது.

விபத்துக்கு முன்னால் கோடு இருக்கிறது. விபத்துக்குப் பின்னால் இல்லை.

இந்த உலகத்தில் இப்படிக் காலர் வைத்திருக்கிற இன்னொருவனை அவளுக்குத் தெரியும். தினமும் காலை ஒன்பது மணிக்கு வருகிறான்.

மூன்று வாரமாகச் சாப்பாட்டு நேரத்தில் நடப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "பசிக்கலைப்பா" என்று அக்கா தட்டை நகர்த்துவாள், அப்பா ஒன்றும் சொல்லாமல் அதையும் சாப்பிட்டுவிடுவார்.

அவன் ஆசையில் 'நாம' என்று சொல்லவில்லை. இலக்கணம் சரியாக இருந்ததால் சொல்லியிருக்கிறான்.

பொடிசு கூடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பத்து நிமிஷத்துக்கு முன்னால் அக்கா அவனோடு ஓடிப்போகிறாள் என்று வயிறெரிந்தவள், இப்போது அப்படி மட்டும் இருந்துவிடக் கூடாதா என்று ஏங்கினாள். ஓடிப்போகட்டும், கல்யாணம் பண்ணிக்கொள்ளட்டும், வாழ்நாள் முழுக்க முகத்தில் விழிக்காமல் இருக்கட்டும். வியர்த்தால் போதும்.

*

பிரஸ் ரூமில் ஆவி மண்டியிருந்தது. அக்கா ஒரு கோட்டின் தோள்பட்டையைப் பலகையில் ஏற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச்சட்டை மூலை ஸ்டூலில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

பொடிசு சாம்பல்நிறச் சட்டையை மேஜையில் வீசினாள்.

"இது யாருது?"

"என்னுதுதான். ஏன்டி இப்படி மூச்சு வாங்கற?"

"காலரைப் பாரு."

அக்கா பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பொடிசு மனசுக்குள் வேண்டிக்கொண்டே நின்றாள்: திட்டு, சிரி, 'லூசாடி நீ' என்று கேளு.

"எல்லாத்தையும் அப்பப்போ அலசிப் போட்டுடணும்னுதான் நினைச்சேன்," என்றாள் அக்கா. "செத்த பிறகும் சோம்பேறித்தனம் போகலை பாரு."

சொல்லிவிட்டாள். இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். பொடிசு என்ன செய்வதென்று தெரியாமல் அக்காவின் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். அடி கெட்டியாகத்தான் விழுந்தது. அக்கா அசையவில்லை.

"வலிக்குதா? வலிக்குதுன்னு சொல்லுடி!"

"இல்லடி தங்கம்."

பொடிசு உடைந்து அழுதாள். அக்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்தச் சூட்டிலும் அக்காவின் கழுத்து குளிர்ந்திருந்தது.

"எப்போ?"

"வேன்லதான், வேற எப்போ? லாரி வர்றதைப் பார்த்தேன். அதுக்கப்புறம் ரோட்டோரமா நிக்கறேன். அங்க வேன் நசுங்கிக் கிடக்கு, ஜனங்க ஓடறாங்க, எவரும் என் பக்கம் திரும்பலை. யாராவது வந்து கூப்பிடுவாங்கன்னு நின்னேன். ஒரு மணி நேரம் நின்னேன்டி. வெறுத்துப்போச்சு. மதியத்துக்குள்ள தேய்ச்சுக் குடுக்க வேண்டிய கோட்டு எட்டு கிடந்துச்சு. வீட்டுக்கு வந்துட்டேன்."

"அம்மாவைப் பார்த்தியா?"

"இன்னும் போகவே இல்லையே, எப்படிப் பார்ப்பேன்?"

அழுகைக்கு நடுவில் பொடிசுக்குச் சந்தேகம் முளைத்தது. "கூப்பிட வரவேண்டிய ஆள் ஏன் வரலை?"

அக்கா புருவத்தால் ஸ்டூலைக் காட்டினாள். "ஐயா அந்த நேரத்துல எங்க இருந்தார்னு நீயே கேளு."

வெள்ளைச்சட்டை எழுந்து நின்றான். "பதினோரு மணிக்கு நான் அந்த இடத்துல இருந்திருக்கணும்," என்றான். "இங்க கவுண்டர்ல நின்னுட்டிருந்தேன்."

"இங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"உங்களோட பட்டனுக்குச் சண்டை போட்டுட்டிருந்தேன்."

பொடிசுக்கு அந்தக் காலைப்பொழுது முழுசாக ஞாபகம் வந்தது. டப்பாவிலிருந்த பட்டனையெல்லாம் கொட்டி, இதுவா இதுவா என்று ஒவ்வொன்றாகக் காட்டி, அவன் எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்டி, இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து. அந்த நேரத்தில் அக்கா ரோட்டோரமாகத் தனியாக நின்றிருக்கிறாள். இனி அந்தச் சிரிப்பை எப்படி மன்னிப்பது?

"தப்பு என்னுது, உங்களுது இல்லை," என்றான் அவன். "மறைச்சுப் பார்த்தேன். மேல தெரிஞ்சுபோச்சு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் கூட்டிட்டுப் போகணும். இல்லைன்னா வேற ஆள் வருவாங்க. அவங்க காத்திருந்து, சொல்லிக்க விட்டு, அப்படியெல்லாம் கூட்டிட்டுப் போக மாட்டாங்க."

"நீங்க திரும்பி வருவீங்களா?"

கேட்டுவிட்டுப் பொடிசு கூசிப்போனாள். அக்கா போகப்போகிறாள் என்று கேட்ட வாயால் இதைக் கேட்கிறோமே!

"விட மாட்டாங்க."

"அப்போ போங்க! என்னைக்குமே நீங்க எனக்கு யாரோதானே? மழைக்கு ஒதுங்கினப்போகூட நாமன்னு ஒரு வார்த்தை சொல்லலை. அக்காகிட்ட மட்டும் நாம, நாம..."

"அதைச் சொல்லாம இருக்க நான் படற பாடு உங்களுக்குத் தெரியாது." முதல்முறையாக அவன் குரல் உயர்ந்தது. "எங்களுக்குப் பொய் வராதுன்னு சொன்னேனே. உங்களையும் சேர்த்து நான் அந்த வார்த்தையைச் சொல்லணும்னா, நீங்க இந்தப் பக்கம் வந்திருக்கணும். அந்த நாள் வரவே கூடாது. நீங்க வியர்த்துட்டு, தும்மிட்டு, என்னைத் திட்டிட்டு இங்கேயே இருக்கணும். நான் உங்களுக்கு 'நாங்க'வாவே இருந்துட்டுப் போறேன்."

ஒருவன் தன்னிடம் இப்படிப் பேச வேண்டுமென்று பொடிசு எத்தனையோ நாள் நினைத்ததுண்டு. கேட்டபோது சந்தோஷம் மட்டும் வரவில்லை.

"அக்காவுக்குப் பதிலா நான்..." என்று ஆரம்பித்தாள்.

அக்கா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள். "மிச்சத்தைச் சொல்லிப்பாரு, சூடு வெச்சுடுவேன்."

பொடிசு வாயை மூடிக்கொண்டாள். அக்கா கோட்டின் மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"எனக்கு ஒரே கவலைதான்," என்றாள் அக்கா. "அப்பா. அவருக்கு எதுவும் தெரியாது. நான் தப்பிச்சு வந்துட்டேன்னு சந்தோஷமா இருக்கார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துடுமோன்னு தினமும் பயந்துட்டிருக்கேன், என்னமோ இன்னும் வரலை. நீதான்டி பக்குவமாச் சொல்லணும். என்னால அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது."

*

அப்பா வந்ததும் முதலில் படிக்கட்டில் கிடந்த விரிப்புகளைத்தான் பார்த்தார். திட்டவில்லை. வாரிக்கொண்டு போய்க் கவுண்டருக்குப் பின்னால் நீள மேஜையில் போட்டார்.

"வா, மடிச்சுடலாம்."

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு விலகி நிற்க வேண்டும், உதற வேண்டும், நீளவாக்கில் இரண்டாக்கி ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவர வேண்டும். பொடிசு முனைகளைப் பிடித்தாள்.

"அப்பா, அக்காவைப் பத்தி ஒரு விஷயம்."

"இழுத்துப் பிடி. சுருக்கம் விழுது."

"அக்கா..."

"அவளுக்கென்ன? நல்லாத்தான் இருக்கா."

"இல்லைப்பா."

"நல்லாத்தான் இருக்கான்னு சொல்றேனில்ல?"

இங்கேதான் பொடிசுக்குப் பொறி தட்டியது. பெற்ற மகளைப் பற்றி ஒரு விஷயம் என்று முகம் வெளிறி நின்று சொன்னால், எந்தத் தகப்பனும் என்ன ஆச்சு என்றுதானே பதறுவார்? இவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லாதவர் போல விரிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அப்பா, அந்த ராங் நம்பர் யாரு?"

அப்பா முனையை ஏந்திக்கொண்டு அவளை நோக்கி நடந்துவந்தார். இரண்டு பேர் கையும் சேர்ந்தபோது நிறுத்தினார். கண்கள் நிறைந்திருந்தன.

"மெதுவாப் பேசு," என்றார் கிசுகிசுப்பாக. "அவ காதுல விழுந்துடப்போகுது. தான் செத்துட்டது அவளுக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சா தாங்க மாட்டா."

பொடிசு பிரஸ் ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில கூப்பிட்டு அடையாளம் காட்டச் சொன்னாங்க. காட்டினேன். நான் தூக்கி வளர்த்த பிள்ளை, எனக்குத் தெரியாதா? உடம்பை எடுத்துட்டுப் போறதுக்கு ஒரு கையெழுத்துப் போடணும்னாங்க. உன்னை வெச்சுட்டுப் போடலாம், உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டே நடந்து வந்தேன். வந்து பார்த்தா உங்க அக்கா பிரஸ் ரூம்ல நின்னுட்டு, 'ஏன்ப்பா இவ்வளவு லேட்டு, கோட்டெல்லாம் முடிச்சுட்டேன்'ங்கறா. நான் என்னம்மா கேக்கட்டும்? கையைக் கழுவிட்டு வந்து உட்கார்ந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் கையெழுத்துப் போடப் போகவே இல்லை. தினமும் போன் பண்றாங்க. தினமும் நாளைக்கு வர்றேங்கறேன்." அப்பா மூக்கை உறிஞ்சினார். "நம்ம கடையில சீட்டைக் காட்டாம ஒரு கைக்குட்டையாவது வெளியே போயிருக்கா? வாங்க ஆள் வரலைன்னா எத்தனை வருஷமானாலும் நம்மகிட்டேயேதானே இருக்கும்? அந்த மாதிரிதான் நினைச்சுக்கிட்டேன். நான் போய் வாங்கலைன்னா அவளும் போக முடியாது."

சலவைக்காரரைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது. பொடிசுக்கு அவரைக் கட்டிக்கொண்டு கதற வேண்டும் போலிருந்தது. உள்ளே ஒருத்தி அப்பாவுக்குத் தெரியாது என்று மறைக்கிறாள். வெளியே ஒருவர் மகளுக்குத் தெரியாது என்று மறைக்கிறார். மூன்று வாரமாக இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றி, ஒரே தட்டுச் சாப்பாட்டைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பின்னால் யாரோ நிற்கிற உணர்வு. வெள்ளைச்சட்டை. எப்போது வந்தான், எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் முழுசும் கேட்டிருக்கிறான் என்றுதான் தோன்றியது.

அப்பா அவன் பக்கம் திரும்பினார். "வா தம்பி. நீ யாருன்னு எனக்குத் தெரியும். அழுக்கே இல்லாத சட்டையைத் தினமும் துவைக்கிறவன் நான். எனக்கு முதல்லயே மூக்கு வியர்த்துடுச்சு."

"ஐயா..."

"நீ பொய் சொல்ல மாட்டேன்னு இவகிட்ட சொன்னதையும் கேட்டேன். ஒரே கேள்வி. நான் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்காததாலதான் அவ இங்க இருக்காளா?"

வெள்ளைச்சட்டை உடனே பதில் சொல்லவில்லை. அவன் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று பொடிசுக்குத் தெரியும். எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். ஆனால் இந்த மௌனம் அப்படித் தெரியவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றான். பரீட்சையில் படிக்காத கேள்வி வந்தவன் அப்படித்தான் நிற்பான்.

"நான் லேட்டா வந்ததாலதான்னு நினைச்சுட்டிருந்தேன்," என்றான் மெல்ல. "நீங்க இன்னும் வாங்கலைன்னு எனக்குத் தெரியாது."

"வாங்கலை."

"வாங்க ஆள் இருந்தும் வாங்காம விட்டதை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை, ஐயா. அப்படி விட்டா என்ன ஆகும்னு எங்க யாருக்கும் தெரியாது."

"நாளைக்கு வர்றதா இருக்கற அந்த வேற ஆளுக்கு?" என்று பொடிசு குறுக்கிட்டாள்.

"அவங்களுக்கும் தெரியாது."

பொடிசு அவன் கண்களையே பார்த்தாள். ஒரு துளி பொய் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. தெரியாது என்கிற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷி எவ்வளவு தூரம் போகலாம்? ஒரு ராத்திரி போகலாம். அவளுக்கு இப்போது அதுவே பெரிதாக இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மடித்த விரிப்பை மேஜையில் வைத்துத் தட்டிச் சமன் செய்தார். பிறகு பிரஸ் ரூம் பக்கம் திரும்பி, பழைய குரலில், உரக்கச் சொன்னார்:

"பெரியவளே! நாளைக்கு நான் எங்கேயும் போகலை. நாளைக்குக் கடை உண்டு!"